முட்டுச்சந்தும் என் வீட்டுக்காரரும்

கூட்டம் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. உடம்பு வற்றிப்போயிருந்ததால் தோளில் நிற்காமல் சரிந்தது. பொத்தான் போடுவதற்குள் பலமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் போட்டுவிடக் கிட்டே போனேன்.

"உடு அம்மிணி, நானே போட்டுக்கறேன்" என்றார்.

"என்ன பேசோணும்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"ஒருக்கா சொல்லுங்க பாக்கலாம்."

"அதான் இருக்குதுங்கறேனே."

எங்கள் வீட்டை ஒட்டிய முட்டுச்சந்தை இனி என்ன செய்வது என்று வார்டில் உள்ளவர்களைக் கேட்டு முடிவு பண்ணுவதற்காக மாநகராட்சி அந்தக் கூட்டத்தைப் போட்டிருந்தது. சந்தில் உட்கார ஒரு இடம் விடச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று ஒரு வாரமாக நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் இருப்பது நல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில். ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். முன்னால் ஒரு அறை, பின்னால் சமைப்பதற்கு ஒரு தடுப்பு, அவ்வளவுதான். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் வாசல் வழியாக வந்தால்தான் உண்டு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அந்தச் சந்து. நாங்கள் குடிவந்த காலத்தில் அது நல்ல வழி. துணி ஏற்றிய டெம்போ இரண்டு எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போய்விடும். சந்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் ஏறினால் மெயின் ரோடு. ரோட்டைத் தாண்டினால் நான் செக்கிங் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனி. காலையில் டிபன் பாக்ஸும் கையுமாக ஒரு கூட்டமே அதற்குள் புகுந்து போகும்.

பிறகு மெயின் ரோட்டில் பாலம் வந்தது. பாலம் ஏறுகிற சரிவுச் சுவர் சந்தின் அந்தப் பக்க வாயை அடைத்துக்கொண்டு எழும்பிவிட்டது. கொஞ்ச நாள் எல்லோரும் திட்டினோம். அப்புறம் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம். சந்து போகவர உதவாமல் போனது. ஆனால் யாருடைய வீடாகவும் ஆகவில்லை. பாலத்துச் சுவரோரம் ஒரு வாதநாராயண மரம் தானாக முளைத்துப் பெரிதாகியிருந்தது. அதற்கடியில் பெண்கள் துணி காயப்போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வடக்கத்திப் பையன்கள் ஒரு கண்ணாடியை மரத்தில் மாட்டி, ஒருவருக்கொருவர் முடிவெட்டிக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் இளவயதில் பல்லடம் பக்கம் நூல் மில்லில் இருந்தவர். அங்கே பஞ்சு. பிறகு இங்கே வந்து நிட்டிங் மெஷின். இங்கேயும் பறக்கிறது பஞ்சுதான். இருமல் வந்தபோது பீடியை விடச் சொன்னேன். அவர் பீடி பிடித்ததில்லை என்பதே எனக்குச் சட்டென்று மறந்துபோகிற அளவுக்கு அந்த இருமல் இருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் பழையபடி ஆகாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானமே டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்.

"வேலைல இருந்து நின்னுக்கச் சொல்லிட்டாங்க" என்றார். "அவிங்களுந்தான் என்ன பண்ணுவாங்க? மெஷின்கிட்ட நின்னுட்டு இருமிட்டே இருந்தா, பாக்கறவிங்களுக்குச் சங்கடமா இருக்குமல்ல."

"வாட்ச்மேன் வேலையாவது கேட்டிருக்கலாமல்லங்க. அத்தனை வருசம் உழைச்சிருக்கறீங்க."

"கேட்டாக் குடுப்பாங்க. மனசில்லாமக் குடுப்பாங்க."

அவர் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பந்தியில் இலைக்குச் சோறு வரவில்லையென்றால்கூடப் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். நான்தான் எழுந்து போய்ச் சொல்லவேண்டும். முதலில் எனக்கு அது பிடித்திருந்தது. போகப்போக ஆத்திரமாக வந்தது.

வேலையை விட்டு நின்றபின் அறைக்குள்ளேயே கிடந்தார். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருப்பார். கோடையில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. அறை வெந்தது. அவர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சந்துக்குள் கூட்டிப் போனேன். மரத்தடியில் உட்கார வைத்தேன். பாலத்துச் சுவரில் மோதித் திரும்பிய காற்று சந்து நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் இறங்கியது. மூச்சு விடுவதற்காகத் தூக்கி வைத்திருந்த தோள். அது இறங்கினதைப் பார்த்ததும் நான் கீழே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எதுக்கு அழுகறே? நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அன்றைக்கிலிருந்து அதுதான் அவர் இடம். காலையில் வேலைக்குப் போகும்போது உட்கார வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து அறையில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். புருஷன் கட்டிங் வேலைக்குப் போய்விடுவான். கைக்குழந்தைக்காரி. மத்தியானச் சோற்றை அவருக்கு அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். துணி துவைக்கும்போது குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுப் போவாள். கரண்ட் வேலைக்கு ஏணியோடு போகிறவன், தண்ணீர் கேன்காரன், வடக்கத்திப் பையன்கள் எல்லோரும் அவரிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

பொழுதோடு நான் வந்ததும் அன்றைக்குச் சந்தில் நடந்ததையெல்லாம் சொல்வார். பாலத்துச் சுவர்மேல் கீரிப்பிள்ளை போனது, குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது, முடிவெட்டுகிற பையனுக்கு ஊரில் தங்கச்சி கல்யாணம். இப்படி நிறுத்தி நிறுத்தி, மூச்சுக்கு நடுவில் சொல்வார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அவ்வளவு பேசியது அந்தக் காலத்தில்தான். முன்பெல்லாம் ஷிப்டு மாறிமாறி, ஒருவர் வரும்போது இன்னொருவர் போய்விடுவோம். இப்போதுதான் பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தோம். அவர் நாற்காலியில், நான் துவைக்கிற கல்லின் மேல்.

அப்போதுதான் மாநகராட்சி ஆட்கள் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் சந்துக்குள் மரத்தருகே போர்டு ஒன்று நட்டார்கள். இது மாநகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று எழுதியிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டிருந்தார். "அத்துமீறி நுழையக் கூடாதுன்னு எழுதியிருக்குது. என்னையத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

என்ன வரப்போகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வண்டி நிறுத்துகிற இடம், கக்கூஸ், குப்பை பிரிக்கிற கொட்டகை, குடிதண்ணீர்த் தொட்டி. கூட்டம் போட்டுக் கேட்பார்கள் என்றதும் நான் தயாராகிவிட்டேன். மரத்தை விட்டுவிட்டு, அடியில் இரண்டு சிமெண்டு பெஞ்சு போட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவர் கேட்கவேண்டும். லைன் வீட்டுப் பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். அவர் பேசினால் நாங்கள் கை தூக்குகிறோம் என்றார்கள்.

"நீயே பேசிரு" என்றார் அவர்.

"நான் பேசுனா எவளோ ஒருத்தி பேசறான்னு போயிருவாங்க. உக்கோர்றவர் நீங்க. நீங்க கேட்டாத்தான் மதிப்பாங்க. ஒரே ஒருக்கா, உங்களுக்குன்னு ஒன்னு கேளுங்க."

மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் அதற்கு முன்பே அவரைத் தன்னிடம் கூப்பிட்டிருந்தாள். அங்கே வயலோரம் வீடு. காற்றுக்குக் குறைவில்லை. "சம்பந்தி ஊட்ல போய் எத்தனை நாளைக்கு உக்கோந்துக்கறது? நல்லாருக்காது கண்ணு" என்று போனில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியும் இங்கேதான் பக்கம். நான் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் சந்துதான் எங்களுக்கு இருந்த வழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருந்த பள்ளிக்கூடம் பக்கம்தான். ஆனால் போய்ச் சேருவதற்குள் அவர் வழியில் ஒவ்வொரு வீட்டுப் படியாக உட்கார்ந்து எழுந்தார். வகுப்பறை நிறைந்திருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலரம்மா மேசைக்குப் பின்னால். பக்கத்தில் மாநகராட்சி இன்ஜினியர். நாங்கள் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதலில் எங்கள் வீட்டு ஓனர் எழுந்தார். முன்பு தோட்டம் வைத்திருந்த குடும்பம். இப்போது சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறார். கெட்ட மனுஷர் இல்லை.

"தெருவுல வண்டி நிறுத்த எடமில்லீங்க. லோடு வண்டி வந்தா ஸ்கூல் பஸ் போவ முடியறதில்லை. டெய்லி சண்டை. அந்தச் சந்துல வண்டிகளை நிறுத்திக்கறாப்புல பண்ணிக் குடுத்தீங்கன்னா அல்லாருக்கும் நல்லது" என்றார்.

பல பேர் ஆமாம் என்றார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அன்னதானக் கூடம் கேட்டார். எங்கள் பக்கத்து அறைப் பெண் தைரியமாக எழுந்து, "நாங்க துணி காயப்போட வேற இடமில்லைங்க. பிள்ளைக விளையாடுறதும் அங்கிட்டுத்தான்" என்றாள்.

பின்னாலிருந்து ஒருத்தர், "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கெல்லாம் வாடகைக்கு இருக்கறவிங்க. இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்கு வேற பக்கம் போயிருவீங்க. நாங்க இங்கயே இருக்கறவிங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். நான் என் வீட்டுக்காரரின் முழங்கையை இடித்தேன். "இருடி" என்றார் மெதுவாக.

அப்போது கதவோரம் நின்றிருந்த வார்டு நர்ஸ் பேச ஆரம்பித்தார். நடுவயசு. தடுப்பூசி மருந்து வைக்கிற நீலப் பெட்டி தோளில் தொங்கியது. வேறெங்கோ ஊசி போட்டுவிட்டு நேராக வந்திருந்தார் போல. பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"உங்க வார்டுக்கு ஒரு நலவாழ்வு மையம் சேங்சன் ஆயிருக்குதுங்க. டாக்டர் வருவாங்க, மாத்திரை தருவாங்க. எடந்தான் கெடைக்கலை. எடம் காட்டலைன்னா அடுத்த வார்டுக்குக் குடுத்துருவாங்க" என்றார். "இப்ப நான் எங்க ஊசி போடறேன்னு உங்களுக்கே தெரியும். கோயில் முன்னாடி, இல்லைன்னா டைலர் கடை வாசல்ல. மாசமா இருக்கற புள்ளைகளை நிக்க வெச்சுத்தான் பிரஷர் பாக்கறேன். வவுத்தத் தொட்டுப் பாக்கோணும்னா மறைவு இல்லை. போன வாரம் ஒரு புள்ளை நின்னுட்டே மயங்கி விழுந்துருச்சுங்க. எங்கன்னு படுக்க வெக்கறது? டைலர் டேபிள் மேலதான் படுக்க வெச்சேன்."

பார்க்கிங் கேட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் சரி என்றும் சொல்லவில்லை. கவுன்சிலரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "வேற ஆராவது பேசறீங்களா?" என்று கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைத் தள்ளாத குறையாக எழுப்பினேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த உடனே பேச்சு வரவில்லை. மூச்சுக்காக நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மார்பிலிருந்து வரும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"பொழுதன்னைக்கும் அங்க உக்கோந்திருக்கறது நான்தானுங்க" என்றார். "நெம்ப நல்ல காத்துங்க." மறுபடி நிறுத்தினார். இப்போது பெஞ்சைப் பற்றிச் சொல்வார், மரத்தைப் பற்றிச் சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதுனால... நர்ஸம்மாளுக்கே குடுத்துருங்க. அதான் சரிங்க."

உட்கார்ந்துவிட்டார்.

லைன் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் பேசினால் கை தூக்குவது என்று சொல்லி வைத்தது நான்தானே. ஒருத்தி தூக்கினாள், இன்னொருத்தி தூக்கினாள், பக்கத்து அறைப் பெண் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். ஓனர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "சரி, உக்கோர்றவரே சொல்லிப்போட்டாரு. அப்பறம் நம்ம என்னத்தச் சொல்றது" என்று அவரும் கையைத் தூக்கினார். கோயில் கமிட்டிக்காரர் மட்டும் தூக்கவில்லை. நான் தூக்கினேனா என்று எனக்கு இப்போதும் நினைவில்லை.

திரும்பி வருகிற வழியில் அவர் படிக்குப் படி உட்கார்ந்தபோது நான் தள்ளி நின்றேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் கேட்டேன்.

"நான் என்ன சொல்லச் சொன்னேன், நீங்க என்ன சொல்லிட்டு வந்திருக்கறீங்க?"

"அந்தம்மா பொட்டியக் கீழகூட வெக்காம நின்னுட்டே பேசுச்சு" என்றார். "மாசமா இருக்கற புள்ளைய டேபிள் மேல படுக்க வெச்சேன்னு சொல்லுது. அதுக்கு மேல எந்திரிச்சு, எனக்கு உக்கோர பெஞ்சு வேணும்னு எப்படிக் கேக்கறது?"

"ரெண்டும் கேட்டிருக்கலாம். ஓரத்துல ஒரு பெஞ்சுன்னு சேத்திச் சொன்னா வாய் நொந்துருமா?"

"எனக்குத் தோணலை."

"உங்களுக்கு எதுதான் தோணியிருக்குது?"

அவர் சட்டையைக் கழற்றப் பார்த்தார். பொத்தான் வரவில்லை. நான் போய்க் கழற்றிவிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவராகவே, "கெவுருமெண்ட்டு வேலைதானே. ஆரம்பிக்கவே வருசம் ஆயிரும். அது வரைக்கும் நான் உக்கோந்துக்கறேன்" என்றார். அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டேன். மறுபடி பொழுதோடு சந்தில் போய் உட்கார்ந்தோம். வருசம் ஆகும் என்று நானும் நம்பினேன்.

ஆகவில்லை. ஊரில் எத்தனையோ வேலை தோண்டிப்போட்டபடியே கிடக்கிறது. இந்த ஒரு வேலை மட்டும் மழைக்காலம் முடிந்ததும் தொடங்கிவிட்டது. ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் சந்து வாயில் தகரம் அடித்திருந்தார்கள். மரம் வெட்டியாகிவிட்டது. கிளைகளை அள்ளிப்போட்ட டிராக்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பக்கத்து அறைப் பெண் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"பூ விட்டிருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

லைன் வீட்டு வாசலில் காற்று வராது. எதிர் அறைச் சுவர் கைக்கெட்டும் தூரம். மண் தோண்டியபோது தூசி, சிமெண்டு கலந்தபோது தூசி. கதவைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். மொட்டை மாடிக்குப் படி ஏற அவரால் ஆகாது. நான் ஓனரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்காமல், "நம்மூட்டுப் போர்ட்டிகோவுல வந்து உக்கோந்துக்கச் சொல்லுங்க. கார் காலைல போயிரும். ஆரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றார். இவரும் கொஞ்ச நாள் போனார். அப்புறம் மாட்டேன் என்றுவிட்டார். கேட்டால், "ஒவ்வொருக்காலும் அந்தம்மா டீ கொண்டாந்து குடுக்குது. நான் வந்தா அவிங்களுக்கு வேலை" என்றார்.

ஃபேன் வாங்கி வைத்தேன், கால் நீளமாக நிற்கிற ஃபேன். முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். "இருக்கற காத்தையே சுத்திச் சுத்தி அடிக்குது" என்பார்.

இதெல்லாம் ஒரு பக்கம் என்றால், அவர் அந்தக் கட்டடத்தின்மேல் வைத்த ஆசை எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தகரத்தின் இடுக்கு வழியாகத் தினம் எட்டிப் பார்ப்பார். இன்றைக்கு அஸ்திவாரம் போட்டார்கள், இன்றைக்குச் செங்கல் இறங்கியது, நீள வாக்கில் மூன்று ரூம் வருகிறது என்று நான் வந்ததும் சொல்வார். முன்பு கீரிப்பிள்ளை கதை சொன்ன அதே குரலில் சொல்வார். நான் பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டுக் கழுவுவேன். ஒருநாள், "அதைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பேசவில்லை. பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் கம்பெனியில் மேசைமேல் துணி குவிந்து கிடந்தது. சூப்பர்வைசர் தன்னிடம் வாங்கி வைத்திருந்த என் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்து அறைப் பெண் பேசினாள். "அக்கா, அண்ணனுக்கு மூச்சு இழுக்குதுக்கா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

நான் போனபோது முகத்தில் மாஸ்க் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். வார்டில் அவருக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் ஒரு சுவரும்தான். ஆனாலும் காற்று வந்தது. அவர் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். மகளும் மருமகனும் வந்தார்கள். நாலைந்து நாள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

ஒரு காலையில் தெளிவாக இருந்தார். கஞ்சி குடித்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "லிண்டல் மட்டத்துக்கு வந்துருச்சா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. சந்துக் கட்டடத்துச் சுவர் கதவு உயரத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்கிறார் எனப் புரிந்ததும் கோபம் வரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. "வந்துருச்சுங்க" என்றேன். "நல்லா கட்டறாங்களா?" "நல்லாக் கட்டறாங்க." தலையை ஆட்டிவிட்டு மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மத்தியானம் மகள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் இருந்தேன். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்தது வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். தூக்கிப் பிடித்தே இருந்த அந்தத் தோள் இறங்கிவிட்டது என்று நான் கண்டபோது, மகள் என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

காரியம் முடிந்ததும் மகள் என்னை மடத்துக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் உட்கார்ந்தால் வயல்மேல் காற்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. இரவு போர்த்திக்கொண்டு படுக்கவேண்டியிருந்தது. சம்பந்தியம்மா என்னை ஒரு வேலை செய்ய விடவில்லை. எல்லோரும் தாங்கினார்கள். அந்தக் காற்று என் முகத்தில் படும்போதெல்லாம், இதை ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் அவர் உட்கார்ந்து அனுபவித்திருக்கலாமே, சம்பந்தி வீடென்றால் என்ன, யார் என்ன சொல்லிவிடப்போகிறார்கள் என்று செத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை. "கம்பெனில ஷிப்மெண்ட் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது கட்டடத்துக்குக் கூரை போட்டிருந்தார்கள். அப்புறம் சீக்கிரமே வெள்ளையடித்து, கேட் வைத்து, போர்டு மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் நர்ஸம்மா எங்கள் அறைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் போனது நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரோணுங்க. அன்னைக்கு ஐயா எந்திரிச்சுப் பேசலைன்னா இது நடந்திருக்காது" என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, "மூச்சுத் திணறல் வர்றவிங்களுக்கு மருந்துப் புகை வெக்கற மெஷின் குடுத்திருக்கறாங்க. ஐயா இருந்திருந்தா..." என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வேலை இருக்குதுங்க" என்றேன். மறுநாள் காலையில் மைக் கட்டிப் பேசிய சத்தம் கேட்கும்போது நான் சுற்றுவழியில் கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்தேன்.

பல மாதம் அந்தக் கேட்டுக்குள் நான் போகவில்லை. போகக்கூடாது என்று எண்ணம் ஒன்றும் இல்லை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லைன் வீட்டுப் பெண்கள் போய் வந்தார்கள். வடக்கத்திப் பெண் ஒருத்தி நிறை வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்ததை ஒருநாள் வெளியிலிருந்து பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தாள். ஃபேன் அவள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரியான காரியம்தான். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அது சரியாக இருந்ததால் யாரிடமும் போய்ச் சண்டைபோட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

சென்ற மாதம் கம்பெனியில் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அறைப் பெண்ணிடம் சொன்னது என் தப்பு. அடுத்த நாள் காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "அண்ணன் இருந்தா விடுவாராக்கா? வாங்க" என்றாள்.

உள்ளே பினாயில் வாசம். தரை சில்லென்று இருந்தது. எந்த இடத்தில் மரம் நின்றது, எது பாலத்துப் பக்கம் என்று எனக்குத் திசை பிடிபடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மா அன்றைக்கு வேறெங்கோ ஊசி போடப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பெண் கையில் பட்டை கட்டி அழுத்திப் பார்த்தாள். பிரஷர் அதிகமாக இருந்தது.

"தூக்கம் வருதுங்களா அம்மா?"

"வருது சாமி" என்றேன். வருவதில்லை.

மாத்திரை மாதாமாதம் இங்கேயே வந்து வாங்கிக்கொள்ளவேண்டும், அதற்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பேர் கேட்டாள், வயசு கேட்டாள், வேலை கேட்டாள். சொன்னேன். விரலைச் சாவிகள்மேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள்.

"ஊட்ல ஆராரு இருக்கறீங்க?"

பக்கத்து அறைப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையை அழுத்தி நிறுத்தினேன். அவர் போனதிலிருந்து இதை நான் யாருக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை, சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நான் மட்டுந்தான் கண்ணு" என்றேன்.

அவள் அதைப் பதிந்துகொண்டு, மாத்திரை எடுத்துவர எழுந்து போனாள்.